உலைக்களத்துப் பெண்களும் ஓர் உடன்படிக்கையின் வாசகமும்

(கிராம வாசிகசாலை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



உங்களிற் பலருடைய வீடுகளில் பாட்டனார் காலத்துச் சவரக்கத்தியொன்றோ மேசைக்கத்தியொன்றோ இன்றும் கிடக்கக்கூடும். அதன் அலகைத் துடைத்துப் பார்ப்பீர்களாயின் "ஷெபீல்ட்" என்னும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்பீர்கள். இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள அவ்வூரின் பெயரே ஒரு காலத்தில் உருக்கின் தரத்துக்கு முத்திரையாக விளங்கிற்று. துருப்பிடியாத உருக்கை 1913-ம் ஆண்டில் ஹரி பிரியர்லி ஆக்கியதும் அவ்வூரிலேதான். ஆயினும் கத்திகளைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவ்வூரின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் உழைத்த பெண்களைப் பற்றியும், அவர்களை உலைக்களத்துக்கு அழைத்துச் சென்ற சட்டத்தைப் பற்றியும், ஆணுக்கு நிகரான கூலி தருவதாக அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஓர் உடன்படிக்கையைப் பற்றியுமே பேச விரும்புகின்றேன்.

உழவர் நிறைந்த சபையில் உருக்காலைக் கதை எதற்கென்று சிலர் எண்ணலாம். கூலி கொடுப்பவரும் கூலி பெறுபவரும் இச்சபையில் ஒருங்கே இருக்கின்றீர்கள். சட்டம் படித்தவர்களும் முன்வரிசையில் இருக்கின்றார்கள். ஆகவே இக்கதை ஒருவருக்கும் அந்நியமாகாது என்பது என் எண்ணம்.

வார்ப்பாலையின் வேலை

முதலில் வேலை இன்னதென்று அறிந்துகொள்வோம். நம்மூர்க் கன்னார் வெண்கலம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. மரத்தாற் செய்த மாதிரியொன்றை மணலிற் புதைத்து, மணலை இறுக இடித்து, பின்பு மாதிரியை மெல்ல வெளியே எடுத்துவிட்டால், அதன் வடிவம் வெற்றிடமாக மணலுள் நிற்கும். அவ்வெற்றிடத்தில் உருகிய உருக்கை ஊற்ற வேண்டும். வார்க்கும் பொருளுள்ளே துளையோ குழிவோ வேண்டுமாயின், அத்துளையின் வடிவிலே எண்ணெய் கலந்த மணலைப் பிசைந்து, சூளையிற் சுட்டு, அச்சின் நடுவே நிறுத்த வேண்டும். உருக்கு ஆறியபின் அச்சை உடைத்து, வார்ப்பிலே வெந்து ஒட்டிக்கொண்ட மணலையும் பிசிறுகளையும் உளியாலும் அரைக்கும் சக்கரத்தாலும் நீக்க வேண்டும். இவ்வளவுதான் தொழில். ஆனால் கன்னார் பட்டறையிலே மூசையிற் கொண்ட உலோகத்தை இருவர் குறடு பற்றித் தூக்கி ஊற்றுகின்றனர். ஷெபீல்டிலே ஊற்றப்பட்டதோ தொன் கணக்கான உருக்கு. வெண்கலம் உருகும் வெப்பத்திலும் மிக மேலான, 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திலே, வாளியொன்றிற் கொதித்தபடி, தலைக்கு மேலே ஓடும் பாரந்தூக்கியில் அது தொங்கிச் செல்லும்.

மூசை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன். உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு நம் இலங்கைத்தீவின் காரீயம் உலகெங்கும் தேடப்பட்டது. இரு உலகப் போர்க்காலங்களிலும் இங்குள்ள காரீயச் சுரங்கங்கள் சுறுசுறுப்படைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஷெபீல்டுக்கும் நமக்கும் உறவேயில்லை என்று சொல்லிவிட முடியாது.

டொன் ஆற்றின் பள்ளத்தாக்கில் அற்றர்கிளிவ், பிரைட்சைட் என்னும் பகுதிகளை ஒட்டி மைல் கணக்காக இவ்வாலைகள் நீண்டு கிடந்தன. விக்கர்ஸ், பேர்த் பிரவுண், ஹட்பீல்ட்ஸ் முதலிய பெருந்தாபனங்கள் அங்கேயே இருந்தன. ஸ்பிட்பயர் விமானத்தின் இதயமாகிய மேர்லின் இயந்திரத்துக்குரிய வளைதண்டை அடித்து உருவாக்கவல்ல 15 தொன் சம்மட்டி, போரின் தொடக்கத்தில் விக்கர்ஸ் ஆலை ஒன்றிலேயே இருந்ததென்று சொல்லப்படுகின்றது. 1930-களில் மூடிக் கிடந்த அபிடேல் என்னும் பழம்பெரும் ஆலையின் மூசையுலைகூடப் போரின்போது மீண்டும் மூட்டப்பட்டது. போரின் இறுதியிலே, 1945 மார்ச் 14-ம் தேதி, ஜேர்மனியின் பீலபெல்ட் இரயிற்பாலத்தின்மேல் முதன்முதலாக வீசப்பட்ட 22,000 இறாத்தற் குண்டின் ஓடு ஷெபீல்டிலே வார்க்கப்பட்டது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 196 அந்தர். ஒரே வார்ப்பு!

தேர்ந்த உருக்குத் தொழிலாளர் பலர் படைச்சேவையினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். எனினும் இளைஞர் ஆயிரக்கணக்கிற் போர்முனைக்குச் சென்றனர். உருக்கின் தேவையோ பன்மடங்காயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர்களே இப்பெண்கள். கடைகளில் நின்றவர்கள், வீட்டு வேலைக்காரிகள், சிகை அலங்கரிப்பவர்கள், பள்ளிக்கூடம் விட்டு இரண்டாண்டு கழியாத சிறுமியர். முதல்நாள் ஆலைக்குள் நுழைந்தபோது நரகத்தின் வாயிலில் நிற்பது போலிருந்ததென்று முதுமையில் அவர்களிற் பலர் சாட்சியம் கூறியிருக்கின்றனர்.

பாரந்தூக்கியை ஓட்டிய பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேர் செங்குத்தான இரும்பேணியில் ஏறி, கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டினுள் அவள் அமர்வாள். கீழே உருக்கு ஊற்றப்படும்போது எழும் புகையும் அனலும் மேல்நோக்கித்தானே செல்லும்? அவையெல்லாம் அவள் இருக்கும் கூரையிலே வந்து தேங்கும். உலையின் ஒளி வானிலே தெரிந்துவிட்டால் எதிரியின் விமானத்துக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதற்காக யன்னல்களும் கூரைத் திறப்புகளும் கறுப்பாக மூடப்பட்டிருந்தன. ஆகவே புகை வெளியேறவும் வழி குறைவு. நினைத்த நேரத்தில் இறங்கி வரவும் முடியாது. வாளி அவள் கையில். அவள் ஒரு கணம் தடுமாறினால் கீழே நிற்பவர்களின் உயிர் போய்விடும். இத்தகைய வேலையை "இலகுவான வேலை" என்று எழுதிய கணக்கப்பிள்ளைகளும் உலகில் இருந்திருக்கிறார்கள்.

உள்மணற் கட்டிகளை உருவாக்கும் வேலை வேறுவிதமானது. நாள் முழுவதும் நின்றபடி மணல் பிசைதல், அச்சுப்பெட்டியில் இடித்து நிரப்புதல், எண்ணெய் கருகும் சூளைப்புகையைச் சுவாசித்தல். இது போருக்கு முன்னரே பல வார்ப்பாலைகளில் பெண்கள் செய்துவந்த வேலை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

பிசிறு நீக்கும் கூடமே எல்லாவற்றிலும் கொடியது. வெந்த மணல் பொடியாகிப் பறக்கும். அதிலுள்ள சிலிக்காத்தூசு நுரையீரலிற் படிந்தால் திரும்ப வெளிவருவதில்லை. நோய் உடனே தெரியாது. ஆண்டுகள் பல கழிந்து மூச்சு முட்டத் தொடங்கும்போதுதான் தெரியும். வார்ப்புகளை மணல் வீசித் துலக்குவதைத் தடுக்கும் ஒழுங்குவிதி 1949-ம் ஆண்டிலும், அச்சுகள் ஒட்டாதிருக்கத் தூவும் பொடியிற் சிலிக்காவைத் தடுக்கும் விதி 1950-ம் ஆண்டிலுமே பிறந்தன. போர் முடிந்து நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்!

குண்டுவீச்சையும் மறந்துவிடலாகாது. 1940 டிசம்பர் 12-ம் தேதி இரவிலும் 15-ம் தேதி இரவிலும் ஷெபீல்டின்மேல் ஜேர்மன் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. 660-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வீடிழந்தனர். நகர மத்தியில் ஒரு விடுதியின் நிலவறையில் ஒதுங்கிய ஏறத்தாழ எழுபது பேர் ஒருசேர மடிந்தனர். ஆலைகளுக்கு நேர்ந்த சேதமோ எதிர்பார்த்ததிலும் குறைவு. அந்த ஆண்டு செப்டெம்பர் தொடக்கம், அபாயச்சங்கு ஊதியவுடன் வேலையை நிறுத்தாது, கூரைமேல் நிற்கும் காவலாளி "விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது" என்று அறிவிக்கும் வரையில் தொழிலைத் தொடரவேண்டும் என்பது அரசாங்கத்தின் வேண்டுகோளாயிருந்தது.

சட்டம் விரைந்தோடிய நாள்

இனி என் தொழிலுக்குரிய பகுதிக்கு வருகின்றேன்.

1940 மே 22-ம் தேதி பிரித்தானியப் பாராளுமன்றம் அவசரகால அதிகாரச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. பிரான்சு சரிந்துகொண்டிருந்த நேரம். இரு சபைகளிலும் எல்லாக் கட்டங்களையும் கடந்து அரச அங்கீகாரமும் பெற அச்சட்டத்துக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. சில மணிநேரமே போதியதாயிற்று. நாட்டின் ஒவ்வொருவரும் தம்மையும் தம் சேவையையும் தம் உடைமையையும் அரசின் வசம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் அதிகாரம் இதனால் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. "உடைமையையும்" என்ற சொல்லைக் கேட்டுச் செல்வர்கள் சிறிது நடுங்கியிருப்பர். ஆனால் வீடுவீடாகத் தேடிச் சென்றழைத்தது பெரும்பாலும் உழைப்பைத்தான்.

தொழில் மந்திரியாக இருந்தவர் ஏர்ணஸ்ட் பெவின். பண்ணைக் கூலிக்காரனாகவும் வண்டியோட்டியாகவும் வாழ்வைத் தொடங்கி, மாபெரும் தொழிற்சங்கமொன்றைக் கட்டியெழுப்பியவர். அவர் தொழிலாளரின் பகைவரல்லர். அப்படிச் சொல்வது அநியாயமாகும். எனினும் அவரது கையொப்பத்தோடு வந்த கட்டளைகளைப் பாருங்கள். 1940 ஜூலையில் 1305-ம் இலக்கக் கட்டளை: தகராறு எழுந்தால் மந்திரிக்கு அறிவித்து மத்தியஸ்தத்துக்கு விடவேண்டும், வேலைநிறுத்தம் குற்றம். 1941 மார்ச்சில் அத்தியாவசிய வேலைக் கட்டளை: அட்டவணையிற் சேர்ந்த ஆலையிலிருந்து தொழிலாளி தன் விருப்பப்படி விலகவும் முடியாது, முதலாளி நினைத்தபடி விலக்கவும் முடியாது, இருவரும் தேசியசேவை அதிகாரியின் அனுமதியைப் பெறவேண்டும். காரணமின்றி வராதிருந்தாலோ பிந்தி வந்தாலோ வழக்கு. 1941 ஏப்ரல் முதல் பெண்கள் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும். 1941 டிசம்பரில் இரண்டாவது தேசியசேவைச் சட்டம்: 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத விதவைகளையும் அரசு கட்டாயமாக அழைக்கலாம்.

நீதியோடு பேசவேண்டுமாயின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே அத்தியாவசிய வேலைக் கட்டளை வாரந்தோறும் குறைந்தபட்சக் கூலியை உறுதிப்படுத்திற்று. ஆலைகளில் உணவுச்சாலைகள் தோன்றின. 1940-ல் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த குழந்தைக் காப்பகங்கள் 1943-ல் 1,300-க்கு மேற்பட்டனவாயின. எதிரி நாட்டு நிலைமையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மலையும் மடுவும். எஸ்ஸன் நகரத்துக் குறுப் ஆலைகளில் பிடித்துவரப்பட்ட அந்நியரும் வதைமுகாம் கைதிகளும் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். அக்குற்றத்துக்காக அல்பிரட் குறுப் 1948-ம் ஆண்டு நூரம்பேர்க்கில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1951-லேயே வெளியே வந்துவிட்டார். இது வேறொரு சொற்பொழிவுக்குரியது. ஷெபீல்டின் பெண் அடிமையல்லள். சட்டத்தால் அழைக்கப்பட்ட பிரசை. அதனாலேயே அவளிடம் செய்த வாக்குறுதியை எடுத்து அளந்து பார்க்க நமக்கு உரிமையுண்டு.

"உதவியின்றி" என்னும் சொல்

வாக்குறுதி என்ன? அதே 1940 மே மாதத்தில் பொறியியல் முதலாளிமார் சங்கத்துக்கும் பொறியியற் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையில், பெண்களைப் புதிதாக வேலைகளிற் சேர்த்தல் பற்றி ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மற்றத் தொழிற்சங்கங்கள் சிலவும் இதையொத்த உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. ஆணின் வேலையை ஏற்கும் பெண் முதல் எட்டு வாரம் பெண்ணுக்குரிய கூலியைப் பெறுவாள். பின்பு அது படிப்படியாக உயரும். 32 வாரம் கழிந்தபின் ஆணின் முழுக்கூலியும் அவளுக்குரியது. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் ஒரு நிபந்தனை. அவ்வேலையைக் "கூடுதலான மேற்பார்வையோ உதவியோ இன்றி" அவள் செய்யவேண்டும்.

சட்டத்தரணிகளே, இந்நிபந்தனையைச் சற்று உற்றுப் பாருங்கள். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? மேற்பார்வை "கூடுதலானது" என்று தீர்மானிப்பவர் யார்? யந்திரத்தை முடுக்கிச் சீர்செய்து கொடுக்க ஓர் ஆண் வந்து போனால் அது உதவி. பாரமான அச்சுப்பெட்டியை ஒருமுறை புரட்டிவிட ஒருவன் கை கொடுத்தால் அது உதவி. அந்த ஆண் முன்பு அதே யந்திரத்தில் நின்ற இன்னோர் ஆணுக்கும் அதே கையைக் கொடுத்தவன்தானே என்று கேட்டால், "அது தொழில்முறை" என்பது மறுமொழி. வேலையை இரண்டாகப் பிளந்து ஒரு கூற்றைப் பெண்ணிடமும் மறு கூற்றை ஆணிடமும் கொடுத்துவிட்டால் அவள் செய்வது "ஆணின் வேலை" என்ற வரைவிலக்கணத்துக்குள்ளேயே வராது. உள்மணற் கட்டி செய்பவளின் கதை இன்னும் எளிது. அது போருக்கு முன்னரே பெண் செய்த வேலை. ஆகவே உடன்படிக்கை அவளைத் தீண்டவேயில்லை. எத்தனை தொன் மணலை இடித்தாலும் அவள் பெண்கூலிக்காரியே.

உடன்படிக்கையை எழுதியவர்களின் உள்ளத்தையும் சிறிது பார்க்கவேண்டும். தொழிற்சங்கத்து ஆண்கள் முழுக்கூலி கேட்டது பெண்மேற் கொண்ட இரக்கத்தாலன்று. மலிந்த கூலிக்குப் பெண் பழகிவிட்டால் போர் முடிந்தபின் தாங்கள் நின்ற இடம் பறிபோய்விடும் என்ற அச்சத்தாலேயே பெரும்பாலும் கேட்டனர். அப்பொறியியற் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1943-ம் ஆண்டின் முதல்நாளிற்றான். உடன்படிக்கை கைச்சாத்தான நாளிலே அதனாற் கட்டுப்படவேண்டிய பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் ஒரு வாக்கும் இருக்கவில்லை! ஒருவரைப் பற்றிய ஒப்பந்தத்தை அவரில்லாத அறையில் எழுதினால் எத்தகைய வாசகம் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் அறியேன்.

விளைவு? போரின் பிற்பகுதியில் உலோக, பொறியியற் தொழில்களில் பெண்ணின் சராசரி வார வருமானம் ஆணினுடையதில் ஏறத்தாழ அரைப்பங்காகவே நின்றது. இரவுவேலையும் மேலதிக நேரமும் ஆண்களுக்குக் கூடுதலாக இருந்தமை இதற்கு ஒரு காரணம் என்பது மெய்யே, அது முழுக்காரணமன்று.

பெண்கள் வாளாவிருந்தனர் என்று எண்ணவேண்டாம். கிளாஸ்கோவுக்கு அருகே ஹிலிங்டனில் றோல்ஸ் றோய்ஸ் ஆலையில் 1943-ம் ஆண்டு தகராறு மூண்டது. வார்க் பிரபுவின் தலைமையில் விசாரணை மன்றம் அமர்ந்தது. புதிய தரவரிசை வகுக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான பெண்கள் அதன் அடிமட்டத்திலேயே வைக்கப்பட்டனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், வேலைநிறுத்தம் குற்றமாயிருந்த அக்காலத்திலேயே, ஆயிரக்கணக்கான பெண்களும் அவர்களோடு ஆண்களும் வெளியேறினர். இறுதியில் ஆலையிலுள்ள ஒவ்வொரு யந்திரத்தின் பெயரும், அதில் செய்யும் வேலையும், அதற்குரிய கூலியும் பட்டியலாக எழுதப்பட்டன. யந்திரத்துக்குக் கூலி, அதன்முன் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது அப்பட்டியலிற் கேள்வியன்று. அந்தப் பட்டியலே அவர்கள் பெற்ற வெற்றி. அழகான கோட்பாட்டு வாசகங்களிலும் பார்க்க, பெயரும் தொகையும் எழுதிய பட்டியல் தொழிலாளிக்குப் பயன்படுகிறது என்பதைத் தொழில் வழக்குகளிற் பலமுறை நானும் கண்டிருக்கிறேன்.

ஒரு சிறு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலைப் பெண்களின் கூலி வழக்கொன்றில் நான் முன்னிலையானேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஆணும் பெண்ணும் சுமந்த மூடையின் நிறை ஒன்றே. கூலி மட்டும் ஏன் வேறு என்று கேட்டபோது, "பெண்ணின் தலையில் மூடையைத் தூக்கி வைக்க இன்னொருவர் வேண்டுமே" என்று சாட்சிக்கூட்டில் பதில் வந்தது. ஆணின் முதுகில் மூடையை வைத்தவர் யாரென்று கேட்டேன். சாட்சிக்காரர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 1940-ம் ஆண்டு உடன்படிக்கையைப் படித்தவரல்லர். அந்த நியாயம் அவருக்குத் தானாகவே தோன்றியது!

நம் தோட்டங்களையும் சற்று நினையுங்கள். வெங்காயம் நடும், களை பிடுங்கும், கிண்டும் பெண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் நாட்கூலி, மண்வெட்டி பிடிக்கும் ஆணின் கூலியில் எத்தனை பங்கு? வெயில் ஒன்று, நாள் ஒன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே, கொழுந்தைக் கிள்ளி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த நம் சகோதரிகளின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது 1984-ம் ஆண்டிற்றான். ஷெபீல்டைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கில்லை.

பாராளுமன்றமும் ஆணைக்குழுவும்

இன்னொரு சட்டத்தைக் கேளுங்கள். போரினாற் காயமடைந்த குடிமக்களுக்கு நட்டஈடு வழங்க 1939-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் வகுத்த திட்டத்திலே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த தொகை. ஒரே கூரையைத் துளைத்து விழுந்த ஒரே குண்டினால் ஆண் இழந்த காலுக்கு ஒரு விலை. பெண் இழந்த காலுக்கு வேறு விலை! மேவிஸ் ரேற், எடித் சமர்ஸ்கில் முதலிய பெண் உறுப்பினர்கள் கட்சி வேற்றுமையை மறந்து இதனை எதிர்த்தனர். 1942 நவம்பரில் 95 உறுப்பினர் அவர்கள் பக்கம் வாக்களித்தும் தோல்வியே கண்டனர். ஆனால் அடுத்த ஆண்டு அரசாங்கம் இணங்கி நட்டஈட்டைச் சமப்படுத்திற்று. காயத்திற் சமத்துவம் வந்துவிட்டது, கூலியில் வரவில்லை.

கூலியின் கதை 1944 மார்ச்சில் நடந்தது. கல்வி மசோதாவிலே ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் என்னும் திருத்தத்தைத் தெல்மா கசலெற் கெய்ர் கொண்டுவந்தார். அவரும் அரசாங்கத்தைச் சேர்ந்த கட்சியினரே. 117-க்கு 116 என்ற வாக்கில், ஒரே ஒரு வாக்கால், அத்திருத்தம் வென்றது. பிரதமர் சேர்ச்சில் வெகுண்டார். அதனை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றினார். இரண்டு நாள் கழித்து 425-க்கு 23 என்ற வாக்கில் அத்திருத்தம் புதைக்கப்பட்டது. ஜேர்மனியை எதிர்த்துப் போரிடும் பிரதமருக்கு எதிராக வாக்களிக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? போர்க்காலத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்பது தராசன்று, சம்மட்டி.

சம்மட்டியால் அடித்தபின் சமாதானமாக ஓர் அரச ஆணைக்குழுவை நியமித்தார்கள். ஆணைக்குழு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாததா? நீதிபதி சிறில் அஸ்குவித் தலைமையில் அமர்ந்த அக்குழு 1946-ல், போர் முடிந்து ஆலைகள் பெண்களை அனுப்பிவிட்டபின், அறிக்கை தந்தது. அரசாங்க ஊழியருக்கும் ஆசிரியருக்கும் சம சம்பளம் பொருந்தலாம், தனியார் தொழிலுக்குப் பொருந்தாது என்பது பெரும்பான்மையின் போக்கு. குழுவிலிருந்த பெண்கள் நால்வரில் ஆன் லொக்லின், ஜனற் வோன், நெற்றில்போல்ட் என்னும் மூவர் அதனை மறுத்துத் தனிக்குறிப்பு எழுதினர்.

முதலாம் உலகப் போரின்பின்னும் இதே நாடகம் நடந்திருக்கிறது. அப்போதைய குழுவின் தலைவர், 1941-ல் லிவர்சிட்ஜ் வழக்கிலே தன்னந்தனியாக நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய அதே அற்கின். 1919-ல் அக்குழுவின் அறிக்கைக்கு மறுப்பாகச் சிறுபான்மை அறிக்கை எழுதியவர் பியற்றிஸ் வெப். பெரும்பான்மையின் அறிக்கைகள் இன்று நூலகங்களிலே தூசு படிந்து கிடக்கின்றன; மேற்கோள் காட்டப்படுவன பெரும்பாலும் மறுத்தவர்கள் எழுதியனவே.

ஷெபீல்டின் பெண்களுக்கு 1945-ல் என்ன நேர்ந்தது? ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் அனுப்பப்பட்டார்கள். பழைய தொழில் வழக்கங்களை மீட்டுத்தரும் சட்டமொன்றைப் பாராளுமன்றம் 1942-லேயே இயற்றி வைத்திருந்தது. ஆண்களுக்குச் செய்த வாக்குறுதி சட்டமாக எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். நாளை முதல் வரவேண்டியதில்லை என்று ஒரு சொல். நன்றி என்ற சொல் அதனோடு வரவில்லை என்று பலர் பின்னாளிற் கூறினர். போரிலிருந்து மீண்டவனின் இடத்தை மறிக்க அவர்களிற் பெரும்பாலோர் விரும்பியிருக்கமாட்டார்கள். ஆனால் விரும்புகிறாயா என்று எவரும் கேட்கவில்லை.

பிரித்தானியாவிலே சம கூலிச் சட்டம் 1970-ல் இயற்றப்பட்டது. டகெனம் நகரத்துப் போட் ஆலையின் தையற் பெண்கள் 1968-ல் செய்த வேலைநிறுத்தமே அதற்கு உந்துதல். அச்சட்டம் செயலுக்கு வந்தது 1975 டிசம்பர் 29-ம் தேதி. 1941-ல் இருபது வயதில் பாரந்தூக்கியின் ஏணியில் ஏறிய பெண்ணுக்கு அன்று ஐம்பத்துநான்கு வயது.

2009-ம் ஆண்டிலே, எண்பது வயதைக் கடந்த அப்பெண்களிற் சிலர், தங்களை எவரும் நினைவுகூரவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னார்கள். நால்வர் முன்னின்று இயக்கம் நடத்தினார்கள். பொதுமக்கள் பணம் சேர்த்தார்கள். 2016 ஜூன் 17-ம் தேதி ஷெபீல்டின் பார்க்கர்ஸ் பூல் சதுக்கத்தில், மார்ட்டின் ஜெனிங்ஸ் செய்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. தொழிலுடையணிந்த இரு பெண்கள் கைகோத்து நிற்கின்றனர். அந்நாளைக் காணாமலே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர்.

தாய்மார் பக்கத்திலிருந்து இரண்டு துண்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வெங்காயத் தோட்டக் கூலியைப் பற்றியவை. தலைவர் அவர்கள் அனுமதிப்பாராயின், நேரமாகிவிட்டது என்று தட்டிக்கழிக்காமல், இந்தச் சபையிலேயே அவற்றை வாசித்து, தோட்டக்காரப் பெரியோர்களின் மறுமொழியையும் கேட்போம்.